பாத்துக்கறேன் அண்ணனின் ரப்பர் ஸ்டாம்ப்

எங்கள் சபையின் ஞாயிற்றுக்கிழமைப் பணிப் பட்டியலில் பதினொரு கட்டங்கள் உண்டு. கதவு திறப்பது, நாற்காலி போடுவது, மைக், திரையில் பாட்டு வரிகள், சிறுவர் வகுப்பு, பாடகர் குழுப் பயிற்சி, முதியவர்களை அழைத்துவரும் வேன், ஆராதனை முடிந்ததும் தேநீர், நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது, கூட்டிப் பெருக்குவது, கதவைப் பூட்டுவது. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வாரம் அந்த வேலையைச் செய்கிறவரின் பெயரை எழுத வேண்டும். முப்பத்தெட்டு ஆண்டுகளாக சபைச் செயலாளராக இருந்து இந்தப் பட்டியலை எழுதுகிறவன் நான். ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை வலித்ததால், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பெயருக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினேன். ஐந்து ஆண்டுகளில் அது தேய்ந்து எழுத்து மங்கிவிட்டது. உடனே இரண்டாவது ஒன்று செய்யக் கொடுத்தேன். ஸ்டாம்ப் தேய்ந்ததை நான் தாமதமின்றிக் கவனித்தேன் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். சபையில் அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எந்த வேலையைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே சொல்தான்: "பாத்துக்கறேன்." அதனால் சிறியவர்கள் அவரைப் பாத்துக்கறேன் அண்ணன் என்பார்கள். பெரியவர்களும் அவர் இல்லாதபோது அப்படித்தான் சொல்வோம். பெரும்பாலும் அவர் இருப்பார் என்பதால் அதற்கு வாய்ப்புக் குறைவு.

கடந்த ஆண்டின் பட்டியலைப் பின்னர் எடுத்து எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு வாரம், வாரத்துக்குப் பதினொன்று, மொத்தம் ஐந்நூற்று எழுபத்திரண்டு கட்டங்கள். அவற்றில் நானூற்றுப் பதினேழில் அவருடைய ஸ்டாம்ப். ஏப்ரல் மாதத்து மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் மைக் அருகிலும், சிறுவர் வகுப்பிலும், ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் வேனிலும் இருந்ததாக என் கையால் குத்திய பதிவு சொல்கிறது. பதிவில் பிழை இருக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பானவன். ஆனால் அதைப் பிழை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் என்று தோன்றியது.

இவ்வளவுக்கும் வேலையிடத்தில் அவர் வேறு மனிதர். நகரத்தில் அறுபத்திரண்டு லிஃப்ட்டுகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. மாதம் ஒரு முறை ஒவ்வொன்றையும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து எண்ணெய் போட்டு, கம்பி வடத்தைத் தடவிப் பார்த்துச் சோதிப்பார். எட்டாவது மாடிக்காரர் கத்தினாலும், வக்கீல் கத்தினாலும் அசைய மாட்டார். ஒரு முறை நானே ஓர் அலுவலகக் கட்டடத்தில் அவரிடம் மாட்டிக்கொண்டேன். ஆறாவது மாடியில் எனக்கு வேலை.

"தம்பி, அஞ்சே நிமிஷம். ஏத்தி விட்டுட்டு அப்புறம் நிறுத்திக்கக் கூடாதா?"

"முடியாது ஐயா. ஓடிட்டே இருக்கற மெஷின் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. நின்னு பாத்தாத்தான் தெரியும்."

ஆறு மாடி ஏறினேன். அவர் சொன்னது அருமையான வாக்கு என்று அன்றே என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன். அடுத்த நாள் அவரைப் பாடகர் குழுப் பயிற்சிக்கும் பொறுப்பாளராகப் போட்டேன்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் வார்டு நர்ஸ். நிறையப் பேசுகிறவர் அல்ல. ஆனால் பேசினால் ஊசி போட்டதுபோல இருக்கும், முதலில் வலி தெரியாது. அவர்களுக்கு ஒரே மகள், வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

எங்கள் போதகர் சென்ற ஆண்டு பிற்பகுதியில் போதகர்களுக்கான ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு மிகவும் கலங்கித் திரும்பினார். ஊழியம் செய்கிறவர்கள் ஊழியத்தாலேயே களைத்துப் போகிறார்கள், உள்ளே வற்றிப் போகிறார்கள் என்று அங்கே பேசினார்களாம். படைத்தவரே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், நாம் எம்மாத்திரம் என்று அவர் கமிட்டியில் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினோம். ஆகவே மூன்று நாள் இளைப்பாறுதல் முகாம் ஒன்றை நடத்த முடிவாயிற்று. நிகழ்ச்சி நிரலை நான் தயாரித்தேன். காலை ஐந்தரைக்கு ஜெபத்தில் தொடங்கி இரவு எட்டே முக்காலுக்குச் சாட்சிகளோடு முடியும். ஓய்வு பிற்பகல் இரண்டு பத்திலிருந்து இரண்டு இருபத்தைந்து வரை.

"இதுக்குப் பொறுப்பு யாரு?" என்றார் போதகர்.

ஒன்பது தலைகள் ஒரே பக்கம் திரும்பின. அவர் ஜன்னலோரம் நின்று ஒரு ஸ்விட்சைக் கழற்றிச் சரிசெய்துகொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பாத்துக்கறேன்" என்றார்.

அன்றைய நான்காவது தீர்மானத்தை அப்படியே தருகிறேன்: "ஓயாமல் உழைத்துவரும் நம் சகோதரருக்கும் ஓய்வு கிடைக்கும்படி இம்முகாமைச் சிறப்பாக நடத்துவதென்றும், அதன் முழுப் பொறுப்பாளராக அவரையே நியமிப்பதென்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." எழுதியவன் நான். பிழை திருத்த இரண்டு முறை வாசித்தேன். ஒரு பிழையும் கண்ணில் படவில்லை.

கையெழுத்து வாங்க மறுநாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடியில் இரண்டு அறை வீடு. மனைவி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்து, வெந்நீர் வாளியில் கால்களை வைத்து உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரில் காலண்டர். அதில் பத்து நாட்களைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு. முந்தைய மாதத்திலும் அதேபோல ஒரு கோடு இருந்து, அதன் மேல் குறுக்காக அடித்திருந்ததை, தாள் காற்றில் புரண்டபோது பார்த்தேன்.

"உக்காருங்க ஐயா. அவர் இல்ல. வேனுக்கு பிரேக் பாக்கப் போயிருக்கார். என்ன காகிதம்?"

"தீர்மானம்மா. தம்பி கையெழுத்து வேணும்."

வாங்கி வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவருக்கு ஓய்வு கிடைக்கணும்னு அவரே நாற்காலி போடணும். எத்தன பேர் சேந்து யோசிச்சீங்க?"

"ஒன்பது பேர்."

"அதான். ஒருத்தர் தனியா யோசிச்சிருந்தா இப்படி வந்திருக்காது."

தம்பி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். அவர் காலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க வார்டுல என் ஷிஃப்ட் முடிஞ்சா அடுத்த ஆள் வந்து நோட்டுல கையெழுத்துப் போடணும். அப்பத்தான் நான் வெளிய போகலாம். தொடர்ந்து ரெண்டு ஷிஃப்ட் பாத்தவளை மூணாவது ஷிஃப்ட்ல மருந்துப் பெட்டியத் தொட விட மாட்டாங்க. பாவம்னு இல்ல. தூக்கக் கலக்கத்துல மாத்திக் குடுத்துட்டா, எதிர்ல படுத்திருக்கறவன் போயிருவான். உங்க சர்ச்சுல ஒரு மனுசனுக்கு ஒன்பது வருசமா ஷிஃப்ட் முடியல. அடுத்த ஆள் கையெழுத்துப் போட வரவே இல்ல."

"அவர் சந்தோஷமாத்தாம்மா செய்யறார்."

"புயல்ல ஆண்டவரே படகுல படுத்துத் தூங்கினார். இவர் மைக் செட்டை விட்டு நகர மாட்டேங்கறார். யாருக்கு விசுவாசம் அதிகம்னு நீங்களே எழுதிவைங்க."

இதற்குள் கணவர் வந்துவிட்டார். கை முழுக்க கிரீஸ். மனைவி காகிதத்தை நீட்டினார்.

"இந்தாங்க, உங்களுக்கு ஓய்வு வந்திருக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க."

அவர் வாசித்துச் சிரித்தார். "மூணு நாள்தானே. பாத்துக்கறேன்."

"அப்ப எங்க அக்கா வீட்டுக்குப் போறது? காலண்டர்ல கோடு போட்டிருக்கே."

"அடுத்த மாசம் போயிரலாம்."

"எந்த அடுத்த மாசம்? போன அடுத்த மாசமா, வர்ற அடுத்த மாசமா?"

அவர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தின் ஓரத்தில் கிரீஸ் கறை பட்டது. சுத்தமான வேறு பிரதி கொண்டுவந்திருக்கலாமே என்று படியிறங்கும்போது நான் வருந்தினேன்.

முகாம் சனிக்கிழமை தொடங்க இருந்தது. வியாழக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். லிஃப்ட்டின் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கென்று கதவில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. சோதனை செய்யும்போது மட்டும் அந்த ஸ்விட்சின் இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைப்பார்கள். அப்போது கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் ஓடும். வேலை முடிந்ததும் வயரைக் கழற்றியே ஆக வேண்டும். மறக்காமலிருக்க அவர் தன் வயரில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களிடமும் அதையே சொல்லிக் கொடுப்பார்.

வியாழக்கிழமை பிற்பகல் ஓர் ஆறு மாடிக் குடியிருப்பில் அவர் வயரை மாட்டிச் சோதனை செய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. அடித்தவன் நான். நாற்காலி நூற்றிருபதா, நூற்று நாற்பதா என்று கேட்பதற்காக. என் தொலைபேசிக் குறிப்பேட்டில் இருக்கிறது: "மாலை 4.20. நாற்காலி விஷயம். பதில்: பாத்துக்கறேன்." அன்று அவருக்கு நான் செய்த நான்காவது அழைப்பு அது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஸ்விட்ச் பெட்டியை மூடித் திருகிவிட்டு, அவர் நேரே நாற்காலிக் கடைக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் லிஃப்ட்டில் ஏறக் கால் எடுத்தார். கையில் நீளக் குடை. குடையின் நுனி உள்ளே போனது. கால் போவதற்குள், திறந்த கதவோடு லிஃப்ட் மேலே எழும்பியது. குடை இரண்டானது. அவர் பின்னால் விழுந்து முழங்கையில் அடிபட்டார். அவ்வளவுதான். குடைக்குப் பதில் கால் முந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அந்தக் கட்டடத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லையாம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறந்தார். உள்ளே சிவப்பு ரிப்பன்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு சபை அலுவலக அறைக்கு வந்தார். நான் முகாமின் பணிப் பட்டியலை விரித்து வைத்து, ஸ்டாம்ப்பை மையில் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, கம்பெனில எனக்குப் பதினஞ்சு நாள் லீவு. திரும்பப் போனதும் பரீட்சை வச்சுத்தான் சேத்துக்குவாங்களாம். தப்பை நானே எழுதிக் குடுத்துட்டேன்." நடந்ததைச் சொன்னார். பிறகு, "முகாமுக்கு முழு நாளும் நிக்கலாம்" என்றார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மறைப்பதில் பயன் இல்லை. வேனுக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன்.

ஆனால் அவர் போகவில்லை. எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது ஆண்டுகளில் அந்த நாற்காலியை அவர் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறார். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"அந்த டீச்சர் என்னைத் திட்டவே இல்ல ஐயா. முழங்கையப் பிடிச்சிட்டு, 'தம்பி, நீங்க சரியாத் தூங்கறது இல்லையா?'ன்னு கேட்டாங்க. திட்டியிருந்தா பரவால்ல."

நான் ஸ்டாம்ப்பைக் கீழே வைத்தேன்.

"போயி கட்டடத்துக்குப் பின்னால நின்னு ஜெபம் பண்ணலாம்னு கண்ண மூடினேன். ஒண்ணும் வரல. அப்பத்தான் நினைச்சுப் பாக்கறேன், நாலு மாசமா நான் ஜெபமே பண்ணலை. எல்லாரும் கண்ண மூடினதும் நான் கண்ணத் திறந்துக்குவேன், மைக்ல இரைச்சல் வருதான்னு பாக்க. பாட்டு ஓடும்போது அடுத்த வரிய மாத்துவேன். பிரசங்கத்தப்போ தேநீருக்குத் தண்ணி வைப்பேன். நான் ஆராதனைக்கு வந்து எத்தன நாளாச்சு ஐயா? உங்க நோட்டுல இருக்குமே."

என் நோட்டில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறியதாக இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய மனைவி சீருடையோடு உள்ளே வந்தார். வார்டிலிருந்து நேராக வந்திருக்கிறார் என்பது மார்பில் தொங்கிய கடிகாரத்தில் தெரிந்தது. கணவரை ஒரு கணம் பார்த்தார். நாடி பிடிப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் மேசையைப் பார்த்தார்.

"இதுதானா அது?"

ஸ்டாம்ப்பை எடுத்துத் திருப்பினார். இடம் வலமாகத் தெரிந்த கணவரின் பெயரைச் சிறிது நேரம் வாசித்தார். கைப்பையைத் திறந்து உள்ளே போட்டார்.

"அம்மா, அது சபையோட சொத்து. சொத்துப் பதிவேட்டுல ஏறியிருக்கு."

"எத்தனாவது வரிசை?"

"நூற்று ஆறு."

"அந்த வரிசைக்கு நேரா, வீட்டுக்காரி எடுத்துட்டுப் போயிட்டான்னு எழுதிக்கங்க. நாளைக்குக் காலைல அக்கா வீட்டுக்குப் போறோம்."

"முகாம்..." என்றார் கணவர்.

"ஓய்வெடுக்கறவங்களுக்கு உங்க உதவி எதுக்கு? படுத்தாப் போதும். அதுக்கு ஒன்பது பேர் இருக்காங்க."

அவர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான், "நீங்க இல்லாம எப்படி தம்பி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார். அந்த வார்த்தை நாக்கின் நுனிவரை வந்தது. மேசையில் என் தொலைபேசிக் குறிப்பேடு திறந்து கிடந்தது. 4.20.

"போயிட்டு வாங்க தம்பி" என்றேன்.

இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். பதினான்கு சாவிகள். ஒவ்வொன்றையும் காட்டி எதன் சாவி என்று சொன்னார். பின்பக்கக் கதவைக் கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும் என்பதை மூன்று முறை சொன்னார். மேசையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இதற்குப் பதினொரு நிமிடம் ஆயிற்று. மனைவி கதவருகே கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பொறுமையாக நின்றார்.

முகாம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பின்பக்கக் கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்பதை நான் மறந்துவிட்டேன். மைக் பெட்டியின் சாவி எது என்பதில் இரண்டு கமிட்டி உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு. முதல் கூட்டம் ஐம்பது நிமிடம் தாமதம். அந்த ஐம்பது நிமிடமும் தொண்ணூற்று மூன்று பேர் மரத்தடியில் செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கண்ணயர்ந்தார்கள். முகாமில் ஓய்வு கிடைத்தது அப்போதுதான் என்று கடைசி நாள் சாட்சியில் ஏழு பேர் சொன்னார்கள். மைக் வேலை செய்யாததால் போதகர் எல்லோரையும் முன் வரிசைக்கு வரச் சொல்லி, சாதாரணக் குரலில் பேசினார். அவர் நன்றாகப் பேசுவார் என்பதே எங்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றின் பட்டியலைக் கையால் எழுதினேன். பதினொரு கட்டத்துக்குப் பதினொரு பேரைத் தேட வேண்டியிருந்தது. கேட்டதும் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள். "இத்தனை வருசமா ஏன் கேக்கல?" என்றார் அவர்களில் ஒருவர், வங்கியில் வேலை பார்க்கிறவர். "கட்டம் நிரம்பியிருந்துச்சு" என்றேன். மூன்று பேரை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தேன். திரையில் பாட்டு வரிகளுக்கு யாரும் கிடைக்கவில்லை. பாட்டுகள் எல்லோருக்கும் மனப்பாடம் என்பது அப்புறம் தெரிந்தது. கூட்டிப் பெருக்குகிற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். நான் பெருக்கியது சரியில்லை என்று பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது.

ஊருக்குப் போய்ப் பதினைந்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் இருவரும் சபைக்கு வந்தார்கள். ஆராதனை தொடங்கிய பிறகு வந்தார்கள். அவர் தாமதமாக வந்ததாக என் பதிவில் உள்ள ஒரே நாள் அது. முகம் கொஞ்சம் கறுத்து, கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. கதவருகே என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"நான் இல்லாம எப்படி நடந்துச்சு ஐயா?"

"நடந்துச்சு தம்பி."

அவர் முகம் வாடியது. உண்மையான பதில்தான். ஆனாலும் சற்று நீட்டிச் சொல்லியிருக்கலாம்.

"பின்பக்கக் கதவு?"

"எண்ணெய் போட்டுட்டாங்க. இப்ப தூக்க வேண்டியதில்ல."

"ஓ" என்றார். மனைவி அவருடைய முழங்கையைத் தொட்டு, கடைசியிலிருந்து மூன்றாவது வரிசைக்கு அழைத்துப் போனார்.

போதகர் நீண்ட ஜெபத்தைத் தொடங்கினார். எல்லோரும் கண்களை மூடினோம். வந்தவர்களை எண்ண வேண்டியிருந்ததால் நான் மட்டும் திறந்திருந்தேன். சரியாக அப்போது மைக் கீச்சென்று கத்தியது. புதிதாகப் பொறுப்பேற்ற வங்கிக்காரர் ஒவ்வொரு திருகாகத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியிலிருந்து மூன்றாவது வரிசையில் நம் லிஃப்ட் மெக்கானிக் பாதி எழுந்துவிட்டார். வலது கை திருகைப் பிடிக்கிற மாதிரியே காற்றில் நின்றது. அவருடைய மனைவி கண்ணைத் திறக்காமலே மடியிலிருந்த கைப்பையை எடுத்து அவர் மடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் நீட்டினார். அவர் பையைப் பார்த்தார். உட்கார்ந்து அதை வாங்கி வைத்துக்கொண்டார். மைக் இன்னும் ஒன்றரை நிமிடம் கத்தியது. அவர் கண்களை மூடினார். சிறிது நேரத்தில் தலை மெல்ல மனைவியின் தோள் பக்கம் சாய்ந்தது.

வெளியே வரும்போது என்னிடம் நின்றார்.

"இன்னைக்கு ஜெபம் எவ்வளவு நேரம் ஐயா?"

"ஒன்பது நிமிஷம்."

"கடைசில தூங்கிட்டேன். ஆனா மொத ரெண்டு நிமிஷம் ஜெபம் பண்ணேன்."

"ரெண்டு நிமிஷமா?"

"இருக்கும். மைக் கத்திட்டுத்தான் இருந்துச்சு. அந்த டீச்சருக்காகப் பண்ணேன். அப்புறம் எனக்காக."

"நாலு மாசத்துக்கு ரெண்டு நிமிஷம்" என்றார் மனைவி, கைப்பையை அவரிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டே. "எங்க வார்டா இருந்தா இதை முன்னேற்றம்னு எழுதுவோம். நீங்களும் எழுதிக்கங்க ஐயா."

அதற்கு என் பதிவேட்டில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.